சி மொழியில் வலையமைப்பு அச்சு ஸ்பூலர்

அச்சு ஸ்பூலர் என்பது பல கணினிகளிலிருந்து வரும் அச்சு வேலைகளைப் பெற்று, வட்டில் வரிசையாகச் சேமித்து, அச்சுப்பொறி தயாராகும்போது ஒவ்வொன்றாக அனுப்பிவைக்கும் நிரல் ஆகும். கணினி இயங்கத் தொடங்கியதிலிருந்து நிறுத்தப்படும் வரை, திரையில் எதையும் காட்டாமல் பின்னணியில் ஓடிக்கொண்டிருப்பதால் யூனிக்ஸ் வழக்கில் இதனை டீமன் என்பர். லினக்ஸ் இயக்குதளத்தில் சி மொழியைக் கொண்டு ஒரு சிறிய ஸ்பூலரை எழுதச் சில நூறு வரிகள் போதும். கடினம் வரிகளின் எண்ணிக்கையில் இல்லை. ‘வேலையைப் பெற்றுக்கொண்டேன்’ என்று எப்போது சொல்வது, மின்சாரம் போய்த் திரும்பிய பின் எதை மறுபடி அச்சிடுவது என்ற இரண்டு கேள்விகளில் இருக்கிறது. இக்கட்டுரை அவ்விரண்டையும் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் பேக்கிங் பிரிவை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

பேக்கிங் பிரிவில் அச்சு வேலை

திருப்பூரில் பிரிண்டிங் என்று சொன்னால் பனியன் துணியில் படம் அச்சிடும் தொழில் என்றே யாரும் புரிந்துகொள்வார்கள். இங்கே பேசப்படுவது அதுவன்று. ஏற்றுமதிக்கான ஓர் ஆடை தைத்து, செக்கிங் முடிந்து, அயர்ன் ஆகி, அட்டைப்பெட்டிக்குள் போவதற்குள் அதனோடு பல அச்சுத் துண்டுகள் சேர்ந்துவிடுகின்றன. பக்கத் தையலில் வைத்துத் தைக்கும் வாஷ்கேர் லேபிள், பட்டைக்குறியீடு உள்ள விலை அட்டை, பாலித்தீன் உறையின் மேல் ஒட்டும் ஸ்டிக்கர், கடைசியாகப் பெட்டியின் மேல் ஒட்டும் கார்ட்டன் ஸ்டிக்கர் என்று அந்த வரிசை போகும். பெரிய ஆலைகளில் இவற்றுக்கெனத் தனி ஏற்பாடுகள் உண்டு. சிறிய கம்பெனிகளில் இரண்டு மூன்று கணினிகளும் வலையமைப்பில் இணைந்த ஒரே ஒரு தெர்மல் ஸ்டிக்கர் அச்சுப்பொறியும்தான் எல்லாவற்றையும் சமாளிக்கின்றன.

இவற்றுள் கார்ட்டன் ஸ்டிக்கரின் தன்மை தனியானது. பல வெளிநாட்டு வாங்குநர்கள் ஒவ்வொரு பெட்டிக்கும் எஸ்.எஸ்.சி.சி. எனப்படும் 18 இலக்க எண்ணைக் கேட்கிறார்கள். உலகளவில் பட்டைக்குறியீட்டு எண்களை ஒழுங்குசெய்யும் ஜிஎஸ்1 அமைப்பின் விதிப்படி, ஒரு பெட்டிக்கு இட்ட எண்ணை அனுப்பிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் வேறு பெட்டிக்கு இடக் கூடாது. 18ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஸ்கேனர் தவறாகப் படித்தால் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே ஸ்டிக்கர் இரண்டு பெட்டிகளில் ஒட்டப்பட்டால் அந்த இலக்கத்தால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனெனில் இரண்டு எண்களும் தம்மளவில் சரியானவை. அயல்நாட்டுக் கிடங்கில் 500 பெட்டிகள் வந்து இறங்கியும் 499 என்றே கணக்கு காட்டும். ஆகவே தூத்துக்குடிக்குப் புறப்படக் கன்டெய்னர் வாசலில் நிற்கும் இரவில் ஸ்பூலர் ஒரு வேலையைத் தொலைத்தாலும் சிக்கல், இரண்டு முறை அச்சிட்டாலும் சிக்கல். இரண்டாவது சிக்கல் கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதுவே மோசமானது.

ஸ்பூலர் ஏன் தேவை

தெர்மல் அச்சுப்பொறிகள் பலவற்றில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் அச்சாகின்றன. 100 மி.மீ. அகலமும் 150 மி.மீ. நீளமும் உள்ள ஒரு ஸ்டிக்கரில் 800 × 1,200, அதாவது 9,60,000 புள்ளிகள் இருக்கும். புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தால் 1,20,000 பைட்டுகள். ஆயிரம் ஸ்டிக்கர்களைப் படமாக அனுப்பினால் 12 கோடி பைட்டுகள் ஆகின்றன. நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள வலையமைப்பு இதனைச் சுமார் 10 நொடிகளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நொடிக்கு 150 மி.மீ. வேகத்தில் ஓடும் அச்சுப்பொறியோ நொடிக்கு ஒரு ஸ்டிக்கர் வீதம் பதினேழு நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். இடையில் வேலையைப் பிடித்துவைக்க ஓர் இடம் இல்லையென்றால் அந்தப் பதினேழு நிமிடங்களும் அனுப்பிய கணினி காத்துக் கிடக்க வேண்டும். மற்றொரு கணினியின் பேக்கிங் லிஸ்ட் அதற்கும் பின்னால் நிற்க வேண்டும்.

வட்டப் பின்னல் இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. கோனிலிருந்து வரும் நூல் நேரே ஊசிக்குப் போவதில்லை. நடுவில் உள்ள ஃபீடர் சில சுற்று நூலைத் தன்மேல் சுற்றி வைத்துக்கொண்டு, ஊசி கேட்கும் வேகத்தில் சீராகக் கொடுக்கிறது. நூல் அறுந்தால் விளக்கை எரியவிட்டு இயந்திரத்தை நிறுத்துகிறது. ஸ்பூலர் செய்வதும் இந்த இரண்டு வேலைகளைத்தான். ஆங்கிலத்தில் ஸ்பூல் என்ற சொல்லுக்கே நூல்கண்டு சுற்றும் உருளை என்பதுதான் முதற்பொருள். கணினித்துறையில் அது காந்த நாடாக்களின் காலத்தில் புகுந்தது. 1959இல் ஐ.பி.எம். அறிவித்த 1401 கணினியும் நிமிடத்துக்கு 600 வரிகள் அச்சிட்ட 1403 அச்சுப்பொறியும் பெரிய கணினிகளுக்கு அச்சு உதவியாளர்களாகப் பயன்பட்டன. பெரிய கணினி விடைகளை நாடாவில் எழுதும், அந்த நாடா 1401க்குப் போய் அங்கே நிதானமாக அச்சாகும். நாடாவின் இடத்தை வட்டு பிடித்தபின் ஆள் தூக்கிச் செல்லும் வேலை ஒழிந்தது, வரிசை நின்றுவிட்டது.

எந்த நெறிமுறை

வலையமைப்பில் அச்சு வேலையை அனுப்ப மூன்று வழிகள் பரவலாக உள்ளன. இன்று லினக்ஸிலும் மேக்கிலும் உள்ள கப்ஸ் என்னும் அச்சு அமைப்பு ஐ.பி.பி. நெறிமுறையை 631ஆம் போர்ட்டில் பேசுகிறது. அது விரிவானது, சிறு நிரலுக்குப் பெரிய சுமை. இரண்டாவது, அச்சுப்பொறியின் 9100ஆம் போர்ட்டில் பைட்டுகளை அப்படியே கொட்டிவிடுவது. இதில் பதில் பேச்சே இல்லை. மூன்றாவது எல்.பி.டி. நெறிமுறை. பெர்க்லி யூனிக்ஸில் வழங்கிவந்த இதனை 1990 ஆகஸ்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 1179 ஆவணம் எழுத்தில் பதிவுசெய்தது. 515ஆம் போர்ட்டில் இயங்கும் இது பழையது என்றாலும் விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலிருந்தும் இதற்கு வேலை அனுப்ப முடியும், ஒரே நாளில் படித்தும் முடித்துவிடலாம். எனவே சிறிய ஸ்பூலருக்குப் பொருத்தமான சேர்க்கை: கணினிகளிடமிருந்து எல்.பி.டி. வழியாகப் பெறுவது, அச்சுப்பொறிக்கு 9100 வழியாகக் கொடுப்பது.

எல்.பி.டி. உரையாடல் எளிது. அனுப்பும் கணினி 2 என்ற மதிப்புள்ள ஒரு பைட்டையும் வரிசையின் பெயரையும் புதுவரிக் குறியையும் அனுப்பும். அதற்குப் பொருள் ‘இந்த வரிசைக்கு ஒரு வேலை தருகிறேன்’ என்பது. ஸ்பூலர் மதிப்பு 0 உள்ள ஒரு பைட்டைத் திருப்பி அனுப்பினால் சம்மதம். வேறு எந்த மதிப்பும் மறுப்பு. பின்னர் இரண்டு கோப்புகள் வரும். ஒன்று கட்டுப்பாட்டுக் கோப்பு: அனுப்பிய கணினி, பயனர், வேலையின் பெயர் ஆகியவை வரிக்கு ஒன்றாக அதில் இருக்கும். மற்றொன்று அச்சிட வேண்டிய தரவுக் கோப்பு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளமும் பெயரும் வரும்; முடிவில் ஒரு 0 பைட்டு வரும்; அதற்கும் ஸ்பூலர் 0 என்று பதில் சொல்ல வேண்டும். இரண்டில் எது முதலில் வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

வேலையின் பெயர் 99 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்று ஆவணம் சொல்கிறது. எழுத்து வேறு, பைட்டு வேறு என்பதை இங்கே மறந்துவிடக் கூடாது. ‘திருப்பூர்’ என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் அது பத்துக் குறிகள், யு.டி.எஃப்-8 முறையில் 30 பைட்டுகள். நீளமான தமிழ்ப் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு 99ஆவது பைட்டில் வெட்டினால், இடையில் ஓர் இடைவெளியோ எண்ணோ இருந்தாலே போதும், கடைசி எழுத்து பாதியில் அறுந்து நிற்கும்.

பெறும் பகுதி

நிரலை இரண்டு புராசஸ்களாகப் பிரிப்பது நல்லது. ஒன்று கணினிகளிடமிருந்து பெற்று வட்டில் வைக்கும். மற்றொன்று வட்டிலிருந்து எடுத்து அச்சுப்பொறிக்கு அனுப்பும். இரண்டுக்கும் இடையே நினைவகத்தில் எந்தப் பகிர்வும் வேண்டாம், வட்டில் உள்ள அடைவுகளே போதும். ஒன்று பழுதாகி நின்றாலும் மற்றது தன் வேலையைத் தொடரும் என்பது இதன் ஆதாயம்.

பெறும் பகுதி சாக்கெட், பைண்ட், லிசன், அக்செப்ட் என்ற வழக்கமான நான்கு அழைப்புகளுடன் தொடங்குகிறது. இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஃபோர்க் அழைப்பின் மூலம் ஒரு சேய் புராசஸ் உருவாக்கினால் போதும். பத்துக் கணினிகள் உள்ள இடத்தில் இதைவிடச் சிக்கலான ஏற்பாடு வீண். ஃபோர்க் செய்வதற்கு முன்பே தாய்ப் புராசஸ் அந்த வேலைக்கு ஒரு வரிசை எண்ணை ஒதுக்கிவிட வேண்டும். அப்போதுதான் இரு சேய்கள் ஒரே எண்ணை எடுத்துக்கொள்ளாது. அனுப்பும் கணினி தரும் மூன்றிலக்க வேலை எண்ணை இதற்கு நம்பக் கூடாது, 999க்குப் பின் அது திரும்ப 000க்கு வந்துவிடும். கணினியின் கடிகாரத்தையும் நம்பக் கூடாது. பலகையில் உள்ள சிறிய பேட்டரி தீர்ந்துபோன பழைய கணினி, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். நிரல் தொடங்கும்போது எல்லா அடைவுகளையும் முடிந்த வேலைகளின் பதிவையும் பார்த்து, மிகப் பெரிய எண்ணுக்கு அடுத்ததிலிருந்து எண்ணத் தொடங்குவதே பாதுகாப்பான வழி.

புதிதாக எழுதுவோர் வழுக்கும் இடம் ரீட் அழைப்பு. டி.சி.பி. இணைப்பில் தகவல் கடிதம் கடிதமாக வருவதில்லை, குழாயில் தண்ணீர் வருவதுபோல வருகிறது. மறுமுனை 1,000 பைட்டுகளை ஒரே வீச்சில் எழுதியிருந்தாலும் ஒரு ரீட் அழைப்பு 300 பைட்டுகள் மட்டும் கொண்டுவரலாம். மீதி அடுத்த அழைப்பில் வரலாம். சொந்தக் கணினியில் சோதிக்கும்போது எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்துவிடும். பேக்கிங் ஹாலின் நீண்ட கேபிளில்தான் பிழை தலைகாட்டும். ஆகவே ‘இத்தனை பைட்டுகள் சேரும் வரை திரும்பத் திரும்பப் படி’ என்று ஒரு சிறிய சார்பை எழுதி, எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்த வேண்டும். ரைட் அழைப்புக்கும் இது பொருந்தும். இணைத்துவிட்டு எதையும் அனுப்பாமல் இருக்கும் கணினியைச் சில நிமிடங்களில் துண்டிக்க ஒரு கால வரம்பும் வேண்டும்.

தரவின் உள்ளே ஸ்பூலர் கைவைக்கக் கூடாது. ஸ்டிக்கர் அச்சுப்பொறிகளுக்குச் செல்வது சில சமயம் உரைக் கட்டளைகள், சில சமயம் படப் புள்ளிகள். அதில் 0 மதிப்புள்ள பைட்டும் வரும். சி மொழியின் சரச் சார்புகள் 0 கண்ட இடத்தில் சரம் முடிந்தது என்று நின்றுவிடும் என்பதால் தரவுக்கு அவற்றைப் பயன்படுத்தவே கூடாது.

‘பெற்றேன்’ என்று சொல்லும் கணம்

இறுதி 0 பைட்டை ஸ்பூலர் அனுப்பியதும் அனுப்பிய கணினி தன் பிரதியை அழித்துவிடலாம். அந்தக் கணத்திலிருந்து வேலைக்கு ஸ்பூலர் மட்டுமே பொறுப்பு. எனவே அந்த ஒரு பைட்டு, ‘மின்சாரம் இப்போதே போனாலும் இந்த வேலை என்னிடம் இருக்கும்’ என்ற வாக்குறுதி. பல எளிய நிரல்கள் இதைப் பொருட்படுத்தாமல், ரைட் அழைப்பு வெற்றி என்றதும் 0 அனுப்பிவிடுகின்றன. ரைட் வெற்றி என்றால் தரவு கெர்னலின் நினைவகத்துக்குப் போய்விட்டது என்று மட்டுமே பொருள். வட்டுக்குப் போக இன்னும் பல நொடிகள் ஆகலாம்.

சரியான ஒழுங்கு பின்வருமாறு அமையும். ஒவ்வொரு வேலைக்கும் ‘வரவு’ என்ற அடைவுக்குள் ஒரு தனி அடைவு உருவாக்கி, இரு கோப்புகளையும் அதில் எழுத வேண்டும். இரண்டும் வந்து சேர்ந்ததும் கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் எஃப்சிங்க் அழைப்பு விடுத்து, வட்டில் எழுதி முடியும் வரை காத்திருக்க வேண்டும். பிறகு அந்த அடைவுக்கும் எஃப்சிங்க். அதன் பிறகு ரீநேம் அழைப்பால் முழு அடைவையும் ‘வரிசை’ என்ற அடைவுக்கு நகர்த்த வேண்டும். ஒரே கோப்பு முறைமைக்குள் ரீநேம் பிளவுபடாத செயல்: வேலை பழைய இடத்தில் இருக்கும் அல்லது புதிய இடத்தில் இருக்கும், பாதி இங்கும் பாதி அங்குமாக இராது. பெயர் மாற்றமும் வட்டில் பதிய வேண்டும் என்பதால் ‘வரிசை’, ‘வரவு’ இரண்டு அடைவுகளுக்கும் மறுபடி எஃப்சிங்க். இவ்வளவும் முடிந்த பிறகே 0 அனுப்ப வேண்டும். மின்சாரம் போய்த் திரும்பும்போது ‘வரவு’ அடைவில் கிடப்பவை எல்லாம் வாக்குக் கொடுக்கப்படாதவை, தயங்காமல் அழித்துவிடலாம்.

எஃப்சிங்க் தோல்வி என்று திரும்பினால் மறுபடி முயன்று பார்ப்பது தவறு. ஒரு முறை தோற்ற பிறகு அடுத்த முறை அது வெற்றி என்று சொல்லியும் தரவு வட்டில் இல்லாமல் போகலாம் என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குவோர் லினக்ஸில் கண்டறிந்து பெரிய விவாதம் நடந்தது. தோல்வி என்றால் 0 அல்லாத பைட்டை அனுப்பி வேலையை மறுத்துவிட வேண்டும். வட்டு நிறைந்துவிட்டாலும் அதே பதில்தான். மறுப்பு அவமானமில்லை. பேக்கிங் பையன் வேலையை மறுபடி அனுப்புவான், அவ்வளவே.

இன்னும் ஒரு இடைவெளி மீதி இருக்கிறது. வேலை வரிசையில் சேர்ந்துவிட்டது. 0 பைட்டு புறப்பட்டது. அதற்குள் கேபிள் பிடுங்கப்பட்டது. அனுப்பிய கணினி தோல்வி என்று நினைத்து அதே வேலையை மறுபடி அனுப்பும். இதை முற்றிலும் தவிர்க்க எந்த நெறிமுறையாலும் முடியாது. ஆனால் அதே கணினி, அதே மூன்றிலக்க எண், பைட்டுக்குப் பைட்டு அதே தரவு என்று சில நிமிடங்களுக்குள் ஒரு வேலை வந்தால் அதை உடனே அச்சிடாமல் ஒதுக்கிவைத்து, ஆளைக் கேட்கலாம்.

அச்சுப்பொறியிடம் ஒப்படைத்தல்

அனுப்பும் புராசஸ் ‘வரிசை’ அடைவில் மிகச் சிறிய எண்ணுள்ள வேலையை எடுத்து, அச்சுப்பொறியின் 9100ஆம் போர்ட்டுடன் இணைகிறது. இணைப்பே கிடைக்கவில்லையென்றால் கவலையில்லை. ஒரு பைட்டும் போகாத நிலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். இணைப்புக் கிடைத்ததும், முதல் பைட்டை அனுப்பும் முன், வேலையை ‘நடப்பு’ என்ற அடைவுக்கு ரீநேம் செய்து எஃப்சிங்க் செய்துவிட வேண்டும். இந்தச் சிறு குறிப்பே பின்னால் உதவப்போவது.

ஸ்டிக்கர் ரோல் தீர்ந்துவிட்டால் அச்சுப்பொறி படிப்பதை நிறுத்தும். ரைட் அழைப்பு அப்படியே நிற்கும். இதைப் பிழை என்று கருதி இணைப்பை முறித்து மறுபடி முதலிலிருந்து அனுப்பும் ஸ்பூலர்களால்தான் இரட்டை ஸ்டிக்கர்கள் பெரும்பாலும் வருகின்றன. ரோல் மாற்றுகிறவர் சாப்பிடப் போயிருக்கலாம். அச்சுப்பொறி மறுமுனையில் உயிரோடு இருக்கும் வரை டி.சி.பி. இணைப்பும் உயிரோடு இருக்கும், ஸ்பூலர் பொறுமையாகக் காத்திருந்தால் போதும். கூடவே ‘அச்சுப்பொறி 5 நிமிடமாக வாங்கவில்லை’ என்று ஒரு செய்தியை எழுதிவைத்தால் நல்லது. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன், காகிதம் சிக்கினால் காத்திருப்போர் அனைவருக்கும் செய்தி போகும்படி பழைய அச்சுப்பொறியின் நிரலைத் திருத்தியிருந்தார். ஜெராக்ஸ் தந்த புதிய லேசர் அச்சுப்பொறியின் மூல நிரல் கிடைக்காததால் அதில் அப்படிச் செய்ய முடியவில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அவரைத் தள்ளிய நிகழ்ச்சிகளில் இதையும் அவர் சொல்வதுண்டு.

தரவு முழுதும் எழுதியானதும் ஷட்டவுன் அழைப்பால் எழுதும் திசையை மட்டும் மூடி, அச்சுப்பொறி தன் பக்கத்தை மூடும் வரை காத்திருக்க வேண்டும். அப்போதும் தரவு அச்சுப்பொறியின் நினைவகத்தில் சேர்ந்தது என்றுதான் பொருள். காகிதத்தில் பதிந்தது என்று பொருளன்று. ஆகவே பதிவேட்டில் ‘அச்சிடப்பட்டது’ என்று எழுதுவது பொய். ‘ஒப்படைக்கப்பட்டது’ என்பதே நிரலுக்குத் தெரிந்த உண்மை. சில அச்சுப்பொறிகள் நிலையைக் கேட்டால் சொல்லும். ஜீப்ரா நிறுவனத்தின் கட்டளை மொழியில், காகிதம் தீர்ந்ததா, தொகுதியில் இன்னும் எத்தனை ஸ்டிக்கர்கள் பாக்கி என்று தெரிவிக்கும் கட்டளை உண்டு. ஆனால் அது ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். சிறிய ஸ்பூலர் அதில் இறங்க வேண்டியதில்லை.

மின்சாரம் போனால்

2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் சிக்கியபோது திருப்பூரில் ஜெனரேட்டர் சத்தம் கேட்காத தெரு இல்லை. இன்று நிலைமை மேம்பட்டிருந்தாலும், மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் அந்தச் சில நொடிகள் இன்னும் இருக்கின்றன. கணினிக்கு யு.பி.எஸ். இருக்கும், ஸ்டிக்கர் அச்சுப்பொறிக்குப் பெரும்பாலும் இராது.

200 ஸ்டிக்கர் கொண்ட ஒரு வேலை பாதியில் நின்றது என்று கொள்வோம். மின்சாரம் வந்ததும் ஸ்பூலர் பார்க்கிறது: வேலை ‘நடப்பு’ அடைவில் இருக்கிறது. 200ம் வந்துவிட்டனவா, 73 வந்தனவா, ஒன்றுமே வரவில்லையா? ஸ்பூலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, அச்சுப்பொறியின் நினைவகம் மின்சாரத்தோடு அழிந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து அச்சிட்டால் 73 ஸ்டிக்கர்கள் இரட்டையாகலாம். விட்டுவிட்டால் 127 பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் இல்லாமல் போகலாம். நிரலாளரின் திறமையால் இந்த இரண்டையும் ஒருங்கே தவிர்க்க முடியாது. எந்தப் பக்கம் சாய்வது என்பது அச்சாகும் பொருளைப் பொறுத்தது.

பேக்கிங் லிஸ்ட்டோ இன்வாய்ஸோ இரண்டு முறை அச்சானால் ஒரு தாள் வீண்; மறுபடி அச்சிடுவதே சரி. வாஷ்கேர் லேபிளும் ஏறக்குறைய அப்படியே. சில மீட்டர் சாட்டின் நாடா போகும், எல்லா லேபிளும் ஒன்றுபோல் இருப்பதால் குழப்பம் வராது. விலை அட்டை நடுவில் நிற்கிறது: கூடுதலாக அச்சான அட்டைகள் வெளியே போவதைச் சில வாங்குநர்கள் விரும்புவதில்லை, எண்ணி எடுத்துக் கிழித்துவிடலாம். எஸ்.எஸ்.சி.சி. ஸ்டிக்கருக்கு மட்டும் தானாக மறுபடி அச்சிடுதல் கூடவே கூடாது. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் அமைப்புக் கோப்பில் ‘மறுபடி’ அல்லது ‘நிறுத்து’ என்று ஒரு சொல் வைத்தால் போதும். ‘நிறுத்து’ என்ற வரிசையில், ‘நடப்பு’ அடைவில் கண்ட வேலையை ஸ்பூலர் ‘ஐயம்’ என்ற அடைவுக்கு நகர்த்திவிட்டு, அந்த வரிசையையே நிறுத்திவைக்கும். பேக்கிங் மேற்பார்வையாளர் அச்சுப்பொறியின் வாயில் தொங்கும் கடைசி ஸ்டிக்கரின் எண்ணைப் பார்த்து, அதற்கடுத்த எண்ணிலிருந்து புதிய வேலை அனுப்பச் சொல்வார். பாதியில் கருகிய ஸ்டிக்கரைக் கிழித்தெறிய வேண்டியதும் அவர்தான். எந்த நிரலும் செய்ய முடியாத அந்த வேலைக்குக் கண் உள்ள ஓர் ஆள் அருகில் இருக்கிறார். அவரைக் கேட்காமல் முடிவெடுப்பதுதான் பல மென்பொருள்களின் குறை.

அனுப்பும் மென்பொருளை மாற்ற முடிந்தால் எளிய வழி ஒன்றும் உண்டு. 500 ஸ்டிக்கரை ஒரே வேலையாக அனுப்பாமல், 25 வீதம் இருபது வேலைகளாக அனுப்புவது. அப்போது ஐயம் ஒரு வேலைக்குள் அடங்கும், அதாவது ஏறக்குறைய 25 பெட்டிகளுக்குள். முன்னதாக ஒப்படைக்கப்பட்டு, அச்சுப்பொறியின் நினைவகத்தில் தங்கியிருந்த ஓரிரு வேலைகளையும் சரிபார்க்க வேண்டி வரலாம். அதற்கும் கடைசி ஸ்டிக்கரின் எண்ணே சாட்சி.

பாதுகாப்பு

1024க்குக் குறைந்த போர்ட் எண்ணில் அமர நிரலுக்கு வழக்கமாக ரூட் அதிகாரம் வேண்டும். பைண்ட் முடிந்ததும் அந்த அதிகாரத்தைக் கைவிட வேண்டும். முதலில் குழு, பிறகு பயனர். வரிசை மாறினால் குழு அதிகாரத்தைக் கைவிடும் உரிமையே போய்விடும். ஸ்பூலரிடம் அளவுக்கு மீறிய அதிகாரம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு விண்டோஸ் வரலாறே சான்று. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் புழு பரவப் பயன்படுத்திய ஓட்டைகளுள் ஒன்று விண்டோஸ் அச்சு ஸ்பூலரில் இருந்தது. 2021இல் பிரிண்ட்நைட்மேர் எனப் பெயர்பெற்ற ஓட்டையும் அதே ஸ்பூலரில்தான்.

அனுப்பும் கணினி தரும் கோப்புப் பெயரை அப்படியே பயன்படுத்தக் கூடாது. பெயரில் இரு புள்ளிகளும் சாய்கோடும் சேர்த்து அனுப்பினால் ஸ்பூலர் தன் அடைவுக்கு வெளியே எங்கோ எழுதிவிடும். ஸ்பூலர் தானே ஒதுக்கிய எண்ணையே பெயராக வைத்து, வந்த பெயரைக் குறிப்பாக மட்டும் சேமிக்கலாம். நீளம் என்று வரும் எண்ணுக்கு ஓர் உச்சவரம்பும், கட்டளை வரிக்கு ஓர் உச்சவரம்பும் தேவை. 515, 9100 ஆகிய போர்ட்டுகள் கம்பெனியின் உள் வலையமைப்புக்கு வெளியே தெரியக் கூடாது. 2018 நவம்பரில், இணையத்தில் 9100 திறந்துகிடந்த பல்லாயிரம் அச்சுப்பொறிகளில் ஒரு யூடியூபரைப் பின்தொடரச் சொல்லும் தாள்கள் தாமாகவே வந்து விழுந்தன.

சோதித்தல்

இத்தகைய நிரலைக் கில் கட்டளையால் கொன்று சோதிப்பது போதாது. புராசஸ் இறந்தாலும் கெர்னல் உயிரோடு இருப்பதால், நினைவகத்தில் இருந்த தரவு பின்னர் நிதானமாக வட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். எஃப்சிங்க் விடுபட்டிருந்தாலும் சோதனை வெற்றி என்றே காட்டும். உண்மையான சோதனை பிளக்கைப் பிடுங்குவதுதான். பழைய கணினி ஒன்றில், எண்ணிட்ட 200 சிறிய வேலைகளை அடுத்தடுத்து அனுப்பிக்கொண்டிருக்கும்போது மின்சாரத்தை நிறுத்த வேண்டும். 0 பைட்டு கிடைத்த வேலைகளின் எண்களை அனுப்பும் கணினி தனியே குறித்துவைக்கும். மறுபடி இயக்கியதும் அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ‘வரிசை’, ‘நடப்பு’, ‘ஐயம்’, ஒப்படைத்தவற்றின் பதிவு ஆகிய நான்கில் ஏதேனும் ஒன்றில் இருந்தாக வேண்டும். ஒன்று குறைந்தாலும் நிரலில் பிழை, அல்லது எழுதிவிட்டேன் என்று பொய் சொல்லும் மலிவான வட்டு. இரண்டில் எது என்று தெரிய அதே சோதனையை வேறொரு வட்டில் செய்து பார்க்கலாம். நினைவக அட்டையில் இயங்கும் சிறு கணினிகளை ஸ்பூலராக வைப்போர் இச்சோதனையைப் பத்து முறையாவது செய்வது நல்லது. சில அட்டைகள் மூன்றாவது முறையிலேயே கெட்டுப்போய், கணினியே எழுந்திருக்காது.